காலையில் கூப்பிட்ட காக்கைகள்

எனக்குக் கத்த வராது. பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் வந்தாலும் "நிப்பாட்டுங்க" என்று சொல்ல வாய் எழாமல், அடுத்த நிறுத்தத்தில் இறங்கி வெயிலில் திரும்பி நடந்திருக்கிறேன். கல்யாணப் பந்தியில் என் இலைக்குச் சாம்பார் வராமல் போனால் வெறும் சோற்றைத் தின்றுவிட்டு எழுந்துவிடுவேன். அப்படிப்பட்ட எனக்கு, கத்துவதற்கென்றே ஒரு வேலை கிடைத்தது.

எங்கள் தெரு குச்சனூர் போகிற ரோட்டிலிருந்து விலகி, வாய்க்கால் தண்ணீர் எட்டாத கரட்டுக் காட்டில் இருக்கிறது. ஒரே தெருதான். தெருவுக்குப் பின்னால் கம்பி வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் சின்ன விமானங்கள் ஏறி இறங்குகிற தார்ப் பாதை. எந்தக் காலத்திலோ ஒரு மில் முதலாளி தன் விமானம் இறங்குவதற்காகப் போட்டது என்பார்கள். அப்புறம் சும்மா கிடந்தது. எங்கள் ஆட்கள் அதில் சோளமும் மிளகாயும் காயப் போட்டார்கள். பிறகு வெளியூர்க் கம்பெனி ஒன்று அதைக் குத்தகைக்கு எடுத்து, விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற பள்ளிக்கூடம் ஆக்கியது.

அதற்குப் பின்னால் குப்பை வந்தது. எங்கள் நகராட்சிக்குக் குப்பை கொட்ட இடம் இல்லை. பார்த்த இடத்தில் எல்லாம் ஜனங்கள் லாரிக்கு முன்னால் படுத்தார்கள். கடைசியில், விமானப் பாதையை ஒட்டிய புறம்போக்கைப் பிடித்தார்கள். அங்கே ஆளே கிடையாது என்று எழுதி அனுப்பியதாகக் கேள்வி. நாங்கள் ஜன்னலைத் திறந்தால் தெரிகிற தூரம் அது. விமானம் இறங்குகிற இடத்தைச் சுற்றிக் குப்பை கொட்டக் கூடாது என்று சட்டமே இருக்கிறதாம். குப்பைக்குப் பறவை வரும், பறவை விமானத்தில் மோதும். கம்பெனிக்காரர்கள் சட்டத்தைக் காட்டினார்கள். "அதெல்லாம் பெரிய ஏர்போர்ட்டுக்கு. இது வெளையாட்டுச் சாமான் மாதிரி நாலு பிளேனு" என்று நகராட்சியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

குப்பை மேட்டுக்குள் எப்போதும் தீ இருக்கும். யாரும் வைக்க வேண்டாம், தானாகவே உள்ளுக்குள் கனன்றுகொண்டு கிடக்கும். கோடையில் காற்று அடித்துக்கொண்டு போய்விடும். மழைக்காலம் முடிந்து பனி இறங்கினால், இரண்டு பக்கமும் மலை இருக்கிற ஊர் அல்லவா, புகை வெளியே போக வழியில்லாமல் தெருவில் வந்து படுத்துக்கொள்ளும். என் பெண்டாட்டிக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது அந்தப் புகையில்தான். தேனியில் காட்டினோம். டாக்டர் ஊதுகிற மருந்து ஒன்று கொடுத்துவிட்டு, "எடத்த மாத்துங்க" என்றார். அதை மருந்துச் சீட்டில் எழுதவில்லை.

மாற்றுவதற்கு எங்களுக்கு இருந்த ஒரே இடம் கூடலூரில் அவள் அண்ணன் வீடு. அவர் குமுளிக்கு ஜீப் ஓட்டுகிறவர், விடிவதற்கு முன்னால் ஏலத்தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போனால் சாயங்காலம்தான் வருவார். வீட்டை ஆண்டது அவர் மனைவி. என் பெண்டாட்டி அவளை மதினி என்று கூப்பிடுவாள். இங்கே நானும் அப்படியே சொல்கிறேன். பனி தொடங்கியதும் இவள் பையோடு போய் அந்த வாசலில் நிற்பாள். மதினி உள்ளே இருந்தபடியே தெருவுக்குக் கேட்கச் சொல்வாள்:

"வந்துட்டாகய்யா குப்பமேட்டு ராணி! பாய எடுத்துப் போடுங்க, பரிவாரம் பின்னால வருதான்னு பாருங்க!"

இவளுக்கென்று தனியாக ஒரு டம்ளர். அது மற்ற பாத்திரங்களோடு சேராமல் குழாயடியில் கவிழ்ந்து கிடக்கும். இது ஒட்டிக்கொள்கிற நோய் இல்லை என்று என் பெண்டாட்டி சொல்லிப் பார்த்தாள். "ஒட்டுனா ஒனக்கென்னா, எனக்குத்தான" என்றாள் மதினி. இருமல் வந்தால் இவள் எழுந்து ஜீப் நிறுத்துகிற கொட்டகைக்குப் போய் இருமிவிட்டு வருவாள். நான் பார்க்கப் போனால் எனக்குச் சோறு போடுவார்கள். இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று கேட்க எனக்கு வாய் வராது. அதைப் பார்த்து மதினி என்னைக் காட்டி, "எங்க அண்ணே நல்ல மனுசரு, காத்தக் குடிச்சே இருந்துக்கிருவாரு. அந்தக் காத்தும் அங்கன கெட்டுப்போச்சு, பாவம்" என்பாள். கேட்டவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

பனி விலகி வீடு திரும்பும் நாளில் என் பெண்டாட்டி ஒவ்வொரு முறையும் ஒன்றேதான் சொல்வாள். "அடுத்த வருசம் அந்த வாசப்படி மிதிக்க மாட்டேன். குப்பைய எடுத்துருவாக." நாங்கள் திங்கட்கிழமை மனுநாளுக்குப் போனோம். தெருவில் எத்தனை வீடு என்று கேட்டார் ஒரு அதிகாரி. சொன்னோம். "அம்புட்டுத்தானா?" என்றார். அதோடு முடிந்தது.

பிறகுதான் முதல் பருந்து மோதியது.

விமானம் ஒன்று ஏறிய வேகத்தில் குப்பை மேட்டிலிருந்து கிளம்பிய பருந்து இறக்கையில் அடித்துச் செத்து விழுந்தது. இறக்கை கொஞ்சம் நசுங்கியது. விமானம் பத்திரமாக இறங்கிவிட்டது. மறுநாள் காலை எங்கள் தெரு வழியாக ஜீப்பும் காருமாக வரிசையாகப் போயின. அத்தனை வருஷம் மூக்கைப் பொத்திக்கொண்டுகூட எட்டிப் பார்க்காதவர்கள் குப்பை மேட்டின் மேலேயே ஏறி நின்றார்கள். அவர்களில் ஒருவர் எங்கள் காதுபட இன்னொருவரிடம் சொன்னார்: "இன்னொருக்க இப்பிடி ஆச்சுன்னா வேற வழி இல்ல. டெல்லியில இருந்து ஓலை வரும். ஒண்ண எடுத்துத்தான் ஆகணும்."

இதை என் பங்காளி கேட்டுக்கொண்டிருந்தார். எங்கள் தெருவில் அவர்தான் வாய். டவுனில் கோழிக்கறிக் கடை வைத்திருந்தார். அன்றைக்குச் சாயங்காலம் வேப்பமரத்தடியில் நின்று பேசினார்.

"நம்ம பொம்பளைக இருமிச் செத்தா ஒரு பயலும் வரமாட்டான். ஒரு பருந்து செத்துச்சு, எத்தன காரு வந்துச்சு பாத்தீகளா? அப்ப நமக்கு என்னா வேணும்?"

 எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

அந்த வாரமே விமானப் பள்ளிக்கூடத்தில் பறவை விரட்ட ஆள் தேடினார்கள். அதற்கு முன் நான் கம்பம் பக்கம் திராட்சைத் தோட்டங்களில் காவலுக்கு இருந்தவன். பழம் திரளும்போது பந்தலுக்குள் மைனாவும் கிளியும் விழும். ஒரே இடத்தில் நின்று டின் தட்டினால் பறவை இரண்டு நாளில் கண்டுகொள்ளும், நாம் சாப்பிடப் போகிற நேரம்கூட அதற்குத் தெரியும். அதனால் இடம் மாற்றி, நேரம் மாற்றித் தட்ட வேண்டும். பறவையிடம் கத்துவதற்கு எனக்குக் கூச்சம் கிடையாது. அது திருப்பிப் பேசாது.

அங்கே கற்றுக்கொடுக்கிறவர்களில் மூத்தவர் மலையாளத்துக்காரர். எல்லோரும் கேப்டன் என்பார்கள். "ஒச்ச வேணும் சேட்டா, நல்ல ஒச்ச. ஒன்னு கத்திக் காணிக்கு" என்று சத்தம் போட்டுக் காட்டச் சொன்னார். சுற்றிலும் விமானம் ஓட்டப் பழகுகிற பையன்கள் நின்றார்கள். நான் காலடி மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, எல்லோரையும் திரும்பி நிற்கச் சொல்லி, தானும் முதுகைக் காட்டி நின்றார். "ஞான் நோக்குன்னில்ல. இனி கத்து." கத்தினேன். தூரத்தில் வேலி மேல் இருந்த காக்கைகள் எழுந்து போயின. வேலை கிடைத்தது. ஒரு விசிலும், தகர டின்னும், ஒரு மூட்டை வெடியும் கொடுத்தார்கள்.

பையன்களில் ஒருவன், ஒல்லியானவன், எப்போதும் கழுத்தில் ஹெட்போன் மாட்டியிருப்பான். நான் கத்துவதை அப்படியே கத்திக் காட்டுவான். முதலில் முனகி, பிறகு உடைந்து, கடைசியில் கீச்சென்று முடிகிற மாதிரி. அவன் செய்தால் மெஸ்ஸில் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். நன்றாகத்தான் செய்தான்.

தெருவிலும் அதே நாளில் வேலை தொடங்கிவிட்டது. பங்காளி கடையில் மிஞ்சுகிற குடலையும் தோலையும் முன்பெல்லாம் குப்பை மேட்டில் கொட்டுவார். இப்போது மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்து வேலியோரம் நெடுகத் தூவினார். பெண்கள் சோறு வைத்தார்கள். எங்கள் பக்கத்தில் சனிக்கிழமை காக்கைக்கு எள்ளுச் சோறு வைக்காமல் யாரும் கை நனைக்க மாட்டார்கள். குச்சனூரில் சனீஸ்வரன் இருக்கிறார், காக்கை அவர் வாகனம். சனிக்கிழமைச் சோறு தினச் சோறு ஆனது. கூரையில் வைத்தது வேலிக்கு நகர்ந்தது. கம்பெனி வாட்ச்மேன் வந்து சத்தம் போட்டதற்குப் பங்காளி நிதானமாகக் கேட்டார்:

"குச்சனூருக்கு இம்புட்டுப் பக்கத்துல நின்னுக்கிட்டு, காக்காய்க்குச் சோறு வைக்காதங்குறியே. ஒனக்குச் சனி எத்தனாவது எடத்துல இருக்கு?"

வாட்ச்மேன் பிறகு வரவில்லை. அவனுக்கும் அப்போது ஏழரை நடந்துகொண்டிருந்ததாகச் சொன்னார்கள்.

என் வீட்டிலும் அதுதான் நடந்தது. விடிந்ததும் என் பெண்டாட்டி சோற்றோடு போய் வேலியோரம் நின்று "கா, கா" என்று கூப்பிடுவாள். நான் டீயைக் குடித்துவிட்டு, விசிலை மாட்டிக்கொண்டு, சுற்றிப் போய் வேலிக்கு உள்ளே நின்று, அவள் கூப்பிட்ட அதே காக்கைகளை விரட்டுவேன். நடுவில் கம்பி மட்டும்தான்.

"நீங்க வெரட்டுங்க, நான் கூப்பிடுறேன்" என்பாள். "யாரு செயிக்கிறாகன்னு பாப்போம்." சொல்லிவிட்டுச் சிரிப்பாள். சிரிப்பு இருமலாக மாறும்.

ஒரு நாள் மட்டும் நான் கேட்டேன். "அதுல பிள்ளைக ஒக்காந்து பறக்குதுகளே."

"பறக்கட்டும். எறங்குனா அதுக ஊருக்குப் போயிருங்க. நான் எங்க எறங்குறது? மதினி வீட்டு ஜீப்புக் கொட்டகையிலயா?"

 போய் என் வேலையைப் பார்த்தேன். டின்னை இடம் மாற்றித் தட்டினேன், வெடியை நேரம் மாற்றிப் போட்டேன். காக்கை எழுந்து ஒரு வட்டம் போட்டு, சோறு இருக்கிற இடத்துக்கே வந்து இறங்கியது. பருந்துகள் காக்கையைப் பார்த்து இறங்கின. அதுவரை நான் பார்க்காத அளவுக்குப் பறவை. மலையடிவாரத்திலிருந்து எல்லாம் வந்திருக்க வேண்டும்.

"ஏலே, என் கடைக் கோழி சாகும்போதுகூட ஒன்னையவிடச் சத்தமாக் கத்துமேடா" என்று வேலிக்கு வெளியிலிருந்து கூவுவார் பங்காளி. தெரு முழுக்கச் சிரிக்கும். "நல்லாக் கத்து. சம்பளம் வாங்குறேல்ல!"

பனி இறங்கத் தொடங்கிய சமயம். புகை தெருவுக்கு வந்துவிட்டது. என் பெண்டாட்டி பையைக் கட்டி வைத்துவிட்டாள். ஆனாலும் போகவில்லை. இன்றைக்கு ஆகும், நாளைக்கு ஆகும் என்று, துணியை மூக்கில் கட்டிக்கொண்டு வேலியோரம் வந்து நின்றாள். அன்று சனிக்கிழமை. எள்ளுச் சோறு, பங்காளியின் மூட்டை, எல்லாம் வேலியோரம் கிடந்தன. நான் கிழக்கு முனையில் டின் தட்டிக்கொண்டிருந்தேன். மேற்கிலிருந்து விமானம் இறங்கிவந்தது. அதன் சத்தத்துக்குப் பறவைகள் ஒரு போர்வையைத் தூக்கிய மாதிரி மொத்தமாக எழுந்தன.

விமானம் ஒரு பக்கம் சாய்ந்து, தரையில் அடித்து, எழும்பி, மறுபடி அடித்து, பாதையை விட்டு இறங்கி மண்ணில் நின்றது. ஓடினேன். முன்கண்ணாடி இல்லை. கேப்டன் பக்கத்து இருக்கையில் இருந்தார், இறக்கியது அவர்தான். ஓட்டப் பழகிக்கொண்டிருந்தவன் அந்த ஹெட்போன் பையன். பருந்து கண்ணாடியை உடைத்துக்கொண்டு வந்து அவன் முகத்தில் அடித்திருந்தது. பாதிப் பருந்து அவன் மடியில் கிடந்தது. அதன் காலில் கோழிக் குடல் சுற்றியிருந்தது. அதை முதலில் பார்த்தவன் நான். அவன் கத்தினான். என்னைப் போலக் கத்திக் காட்டுவானே, அந்தக் கத்தல் இல்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் தெருவே கூடிவிட்டது. "ரெண்டாவதுடா! ரெண்டாவது!" என்று பங்காளி கம்பியைப் பிடித்துக் குலுக்கினார். யாரோ கை தட்டினார்கள். பையனை இறக்கித் தூக்கிக்கொண்டு வந்தபோது அவன் முகம் அவர்களுக்குத் தெரிந்தது. கை தட்டல் நின்றது. ஒரு பெண், "அய்யோ, யாரு பெத்ததோ" என்றாள். பங்காளி அவளைப் பார்த்து, "நம்ம பெத்தது இல்லல்ல, போ" என்றார்.

வீட்டுக்குப் போனதும் என் பெண்டாட்டி கேட்டாள். "செத்துட்டானா?"

"இல்ல. ஒரு கண்ணு போயிரும்ங்குறாக."

அடுப்பில் விறகை உள்ளே தள்ளினாள். பிறகு, "குப்பைய மாத்திருவாகல்ல?" என்றாள். கூடலூருக்குக் கட்டிய பையைப் பிரித்து, சேலைகளை எடுத்து மறுபடி கொடியில் போட்டாள்.

விசாரணைக்கு ஆட்கள் வந்தார்கள்.  பறவை எங்கிருந்து வருகிறது என்று கேட்டதற்குக் குப்பை மேட்டைக் கையால் காட்டினேன். அது பொய் இல்லை. கேப்டன் வேலியோரம் காய்ந்து கிடந்த சோற்றைக் காலால் தள்ளிப் பார்த்தார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அதன் பிறகு என்னை சேட்டா என்று கூப்பிடவும் இல்லை.

ஓலை வந்தது. பறவை நடமாட்டம் அதிகம், இந்த இடம் விமானம் இறக்கத் தகுதி இல்லாதது என்று ஓலை. கம்பெனி குத்தகையை முடித்துக்கொண்டது. மிச்சமிருந்த விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பி, குப்பை மேட்டைச் சுற்றாமல் நேராகக் கிழக்கே போய் மறைந்தன. அன்றைக்கு நான் வெடி போட்டுப் பாதையைச் சுத்தமாக வைத்திருந்தேன். ஒரு காக்கைகூடக் குறுக்கே வரவில்லை. அதுதான் என் கடைசி நாள்.

"மொதல்ல பிளேன அனுப்புவாக. அப்பறம் குப்பைய எடுப்பாக. எல்லாத்துக்கும் ஒரு முறை இருக்குல்ல" என்று பங்காளி விளக்கம் சொன்னார்.

புல்டோசர் வந்த காலையில் தெருவில் குலவை போட்டார்கள். மீந்து போன என் வெடிகளை வாங்கிப் பங்காளியே கொளுத்தினார். என் பெண்டாட்டி வாசலில் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டாள். புல்டோசர் தெருவைத் தாண்டியது. குப்பை மேட்டைத் தாண்டியது. விமானப் பாதையின் வேலிக்கு முன்னால் நின்று, ஒரு முறை பின்னால் போய், கம்பியோடு தூண்களையும் சாய்த்துக்கொண்டு உள்ளே போனது. அதன் பின்னால் லாரிகள். அதுவரை அவை மண்பாதையில் திணறிக்கொண்டுதான் வரும், மழை பெய்தால் நின்றுவிடும். இப்போது அருமையான தார் ரோடு. கடைசி வரை போய்த் திரும்பி நின்று கொட்டின.

முன்பு மனுநாளில் வீடு எத்தனை என்று கேட்ட அதே அதிகாரி வந்திருந்தார். நல்ல மனநிலையில் இருந்தார். பங்காளி போய்க் கேட்டார். "சார், குப்பைய எடுக்கப் போறாகன்னு…"

"எடுக்கவா? இம்புட்டு நாளா அந்தப் பிளேனாலதான்யா பயந்து பயந்து கொட்டுனோம். இனி எவன் கேப்பான்? பக்கத்து ஊரு வண்டியும் நாளையில இருந்து இங்கனதான்." தெருவை ஒரு பார்வை பார்த்தார். "ஒங்க தெருவுக்குத்தான்யா நன்றி சொல்லணும். காக்காய்க்கு நல்லா வச்சீக சோறு."

அவருக்கும் தெரிந்திருக்கிறது. எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

பங்காளி திரும்பி வரும்போது ஒருவர் முகத்தையும் பார்க்கவில்லை. அவர் பிறகு டவுனில் கடைக்கு மாடியிலேயே குடிபோய்விட்டார். தெருவில் மற்றவர்கள் இருக்கிறோம். புகை இப்போது இரண்டு பக்கமிருந்தும் வருகிறது, பனிக்காலம் என்று தனியாக ஒன்று இல்லை. எனக்கு அங்கேயே வேலை போட்டுக் கொடுத்தார்கள். விமானப் பாதைக்கு இருந்த அதே கேட்டை, வேலியைச் சாய்த்த இடத்தில் கொண்டுவந்து நட்டிருந்தார்கள்; அதை லாரிக்குத் திறந்து மூடுகிற வேலை. கத்த வேண்டியதில்லை. காக்கைகள் தார்ப் பாதையில் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. லாரி வந்தால் மெதுவாக நடந்து விலகுகின்றன. சோறு வைத்தால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

என் பெண்டாட்டி கூடலூரிலேயே தங்கிவிட்டாள். படுக்கை, ஜீப் கொட்டகையில். மதினி இப்போது குப்பமேட்டு ராணி என்று சொல்வதில்லை. விருந்தாளிக்குத்தான் அந்த மரியாதை எல்லாம்.

போன முறை பார்க்கப் போனது ஒரு சனிக்கிழமை. என் பெண்டாட்டி சுவர் மேல் ஒரு கைப்பிடி எள்ளுச் சோறு வைத்தாள். முதல் காக்கை வந்து உட்காருவதற்குள் மதினி துடைப்பத்தோடு ஓடிவந்தாள்.

"ஏ ஆத்தா! ஒந்தெருவக் கெடுத்தது பத்தாதா? இங்கனயும் காக்காயக் கூட்டி, எங்களையும் கெளப்பி விடப் போறியா?" சோற்றைத் தள்ளிவிட்டு, சுவர் நெடுகப் போய், துடைப்பத்தை ஓங்கி, தெரு அதிரக் கத்தினாள். காக்கைகள் தேக்கு மரங்களைத் தாண்டி மலைப் பக்கம் பறந்தன.

காக்கை எடுக்காமல் இவள் சாப்பிட மாட்டாள். இனி மறுநாள்தான் சாப்பாடு. கொட்டகை வாசலில் உட்கார்ந்து பறவைகள் போன திசையைப் பார்த்தாள்.

"ஒங்க வேலைய அவுக ஒங்களவிட நல்லாப் பாக்குறாக" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை. சிரித்தால் இருமல் வரும்.